மெல்ல ஏறும் பீட்டா ஹெச்.சி.ஜி.: அவசரத் தீர்ப்பும் ஆபத்தான தாமதமும்

கருவுற்ற முட்டை கருப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியதும், பின்னாளில் நஞ்சுக்கொடியாக உருவெடுக்கவிருக்கும் அதன் வெளிப்புறச் செல்கள் ஒரு ஹார்மோனைச் சுரந்து தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. மனிதக் கோரியானிக் கொனடோட்ரோபின் என்பது அதன் முழுப்பெயர். மருத்துவமனையிலும் லேபிலும் ஹெச்.சி.ஜி. என்றே வழங்குகிறது. சினைப்பையில் முட்டை வெளியேறிய இடத்தில் எஞ்சியிருக்கும் திசு தொடர்ந்து புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கும்படி தூண்டி, அடுத்த மாதவிலக்கு வராமல் தடுப்பது அதன் முதல் வேலை. இரண்டு புரதச் சங்கிலிகளால் ஆன இந்த ஹார்மோனின் ஆல்ஃபா சங்கிலி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் உள்ளிட்ட வேறு மூன்று ஹார்மோன்களிலும் அப்படியே காணப்படுவதால், கர்ப்பத்தைத் தனித்துக் காட்டுவது பீட்டா சங்கிலி மட்டுமே. அதைக் குறிவைத்து ரத்தத்தில் அளக்கும் முறையை 1972-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இன்று சிறு நகரங்களின் லேப்களிலும் ‘பீட்டா டெஸ்ட்’ என்ற பெயரில் நடப்பது அதன் வழிவந்த பரிசோதனைதான்.

சிறுநீர் கார்டு இரண்டு கோடுகளோடு நின்றுவிடுகிறது. ரத்தப் பரிசோதனையோ ஓர் எண்ணைத் தருகிறது. எண் கைக்கு வந்ததும் ஒப்பீடும் வந்துவிடுகிறது. “இரண்டு நாளில் இரட்டிப்பாகவில்லை, எனவே இந்தக் கர்ப்பம் நிற்காது” என்ற முடிவுக்கும், “எப்படியோ ஏறத்தானே செய்கிறது, பயமில்லை” என்ற முடிவுக்கும் குடும்பங்கள் மட்டுமல்லாமல் சில நேரங்களில் சிகிச்சையளிப்போரும் வந்துவிடுகின்றனர். இரண்டுமே தவறு, இரண்டாவது தவறு உயிரைப் பறிக்கக்கூடியது. மெல்ல ஏறும் ஹெச்.சி.ஜி. ஒரு நோயறுதி அன்று. கர்ப்பம் எங்கே தங்கியிருக்கிறது, அது வளர்கிறதா என்ற இரண்டு கேள்விகளைக் காலம் தாழ்த்தாமல் கேட்கச் சொல்லும் அறிகுறி என்று அதைக் கொள்வதே பொருந்தும்.

ஒற்றை அளவை வைத்து எதையும் தீர்மானிக்க இயலாது என்பது ரிப்போர்ட்டின் அடியில் வாரவாரியாக அச்சிடப்படும் அட்டவணையைப் பார்த்தாலே விளங்கும். ஐந்தாம் வாரத்துக்கு இருபதுக்கும் குறைவான எண்ணிலிருந்து ஏழாயிரத்தைத் தாண்டும் எண் வரை எல்லாவற்றையும் அது இயல்பு என்கிறது. அந்த வாரக்கணக்கும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவதே தவிர, கருத்தரித்த நாளிலிருந்து அன்று. நாற்பது நாளுக்கு ஒருமுறை மாதவிலக்காகும் பெண்ணுக்கு, குறிப்பாக பி.சி.ஓ.டி. உள்ளவருக்கு, முட்டை வெளியேறுவதே ஏறத்தாழ பன்னிரண்டு நாள் தள்ளித்தான் நிகழும் என்பதால், காலண்டர்படி ஆறு வாரமான கர்ப்பம் உண்மையில் நாலேகால் வாரக் கர்ப்பமாகவே இருக்கலாம். அவருடைய அளவு அட்டவணைக்குக் குறைவாகத் தெரிவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆகவேதான் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, ஏற்றத்தின் வேகம் கணக்கிடப்படுகிறது. இரட்டிப்பு என்பது சராசரியை ஒட்டிய ஒரு மதிப்பேயன்றி, நல்ல கர்ப்பம் ஒவ்வொன்றும் எட்டியாக வேண்டிய குறைந்தபட்ச எல்லை அன்று. 1981-இல் வெளியான ஓர் ஆய்வு 66 விழுக்காட்டை எல்லையாக வகுத்தபோதே, இயல்பான கர்ப்பங்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு அதற்குக் கீழே விழும் என்பதும் அதன் கணக்கில் அடங்கியிருந்தது. பின்னர் பெரிய எண்ணிக்கையிலான பெண்களின் தரவுகளைக் கொண்டு அமெரிக்காவில் திருத்தப்பட்ட கணக்கின்படி, தொடக்க அளவு 1,500 அலகுக்குக் கீழ் இருந்தால் 49 விழுக்காடும், 1,500 முதல் 3,000 வரை இருந்தால் 40 விழுக்காடும், அதற்கு மேல் 33 விழுக்காடும் இரண்டு நாளில் எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்ச ஏற்றம் ஆகும். 900 அலகாக இருந்தது 1,400 ஆனால் ஏற்றம் 56 விழுக்காடு. வீட்டில் ‘டபுள் ஆகவில்லை’ என்று கலங்கினாலும் இது எல்லைக்கு உட்பட்டதே. 180 அலகாக இருந்தது 250 ஆனால் ஏற்றம் 39 விழுக்காடு. இது எல்லைக்குக் கீழே. நூற்றில் தொண்ணூற்றொன்பது நல்ல கர்ப்பங்களை உள்ளடக்குமாறு வகுக்கப்பட்ட எல்லை இது என்பதால் அதற்குக் கீழே போவது கவலைக்குரியதுதான். ஆயினும் எஞ்சிய அந்த ஒன்றுக்கும் இதில் இடமுண்டு. பிரிட்டனின் தேசிய வழிகாட்டி நெறிமுறை 63 விழுக்காட்டை எல்லையாகக் கொள்கிறது. அதற்குக் குறைவாக ஏறியவர்களையும், பாதிக்கு மேல் குறையாமல் இறங்கியவர்களையும் கர்ப்பம் கலைந்தவர்கள் என்று அது ஒதுக்குவதில்லை. 24 மணி நேரத்துக்குள் மருத்துவ மறுபரிசீலனைக்கு அழைக்கச் சொல்கிறது.

கணக்குப் போடுவதிலேயே பிழைகள் நுழைவதும் உண்டு. திங்கட்கிழமை காலை 8 மணிக்கு 500 அலகும், வியாழக்கிழமை மாலை 5 மணிக்கு 800 அலகும் காட்டினால், ஏற்றம் 60 விழுக்காடு என்று மனநிறைவு கொள்ளத் தோன்றும். இடைவெளி 81 மணி நேரம். 48 மணி நேரத்துக்கு மாற்றிக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 32 விழுக்காடுதான். ரிப்போர்ட்டில் தேதி மட்டும் போதாது, ரத்தம் எடுத்த நேரமும் வேண்டும் என்பது இதனால்தான். ஒவ்வொரு கருவியும் சற்று வேறுபட்ட அளவைக் காட்டும் என்பதால் இரண்டு முறையும் ஒரே லேபில் எடுப்பதும் அவசியம். குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் முட்டையை வெளியேற்றப் போடப்படும் ஊசியிலும், கர்ப்பத்துக்கு ‘சப்போர்ட்’ என்று சில இடங்களில் போடப்படும் ஊசியிலும் இருப்பது ஹெச்.சி.ஜி.யேதான் என்பதால், போட்ட பிறகு ஒன்றரை வாரம் அல்லது அதற்கு மேலும் பரிசோதனை அந்த மருந்தையும் சேர்த்தே அளந்துகொண்டிருக்கும். முடி உதிர்வுக்கு எடுக்கும் பயோட்டின் மாத்திரை அதிக அளவில் இருந்தால் அதுவும் சில கருவிகளின் அளவைப் பிறழச் செய்யும். அளவு 6,000 அலகைக் கடந்த பிறகு நல்ல கர்ப்பத்திலும் ஏற்றம் இயல்பாகவே மந்தமாகி, எட்டு முதல் பதினொரு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும். அந்த நிலையில் மீண்டும் மீண்டும் ரத்தம் எடுப்பதால் பயன் குறைவு, செலவு மிகுதி.

இன்னும் அரிதான ஒரு பிறழ்ச்சியும் உண்டு. சிலருடைய ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள்கள் பரிசோதனைக் கருவியை ஏமாற்றி, இல்லாத ஹெச்.சி.ஜி.யை இருப்பதாகக் காட்டிவிடும். ஏறாமலும் இறங்காமலும் வாரக்கணக்கில் அப்படியே நின்ற அளவைப் புற்றுநோயின் அடையாளமாகக் கருதி, தேவையே இல்லாத சிகிச்சைக்கு உள்ளாக்கப்பட்ட 12 பெண்களைப் பற்றிய ஆய்வு 2000-ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளிவந்தது. இந்த எதிர்ப்புப் பொருள்கள் சிறுநீரில் வெளியேறுவதில்லை. ரத்தத்தில் அளவு காட்டியும் சிறுநீர் கார்டில் இரண்டாம் கோடு விழாவிட்டால், எந்தச் சிகிச்சைக்கும் முன் இந்த ஐயத்தை மருத்துவரிடம் எழுப்ப வேண்டும்.

உண்மையாகவே மெல்ல ஏறும்போது மூன்று விளக்கங்கள் எஞ்சுகின்றன: சிறுபான்மையாக, நலமாகவே வளரும் கர்ப்பம், கருப்பைக்குள்ளேயே வளர்ச்சி குன்றிக் கலையவிருக்கும் கர்ப்பம், கருப்பைக்கு வெளியே தங்கிவிட்ட கர்ப்பம். இரட்டைக் கருவில் ஒன்று நின்றுபோகும்போதும் ஏற்றம் தற்காலிகமாகத் தளர்வதுண்டு. இவற்றுள் இரண்டாவதைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். தொடக்க மாதக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் தற்செயலாக நேரும் பிழையால் விளைபவை. பப்பாளி தின்றது, ஸ்கூட்டியில் போனது, மாடிப்படி ஏறியது என்று மருமகளிடம் குற்றப்பட்டியல் வாசிக்கும் வழக்கத்துக்கு மருத்துவத்தில் ஆதாரம் ஏதும் இல்லை. குரோமோசோம் பிழையால் தளரும் கர்ப்பத்தைப் படுக்கை ஓய்வும் புரோஜெஸ்ட்ரோன் மாத்திரையும் மீட்டுத் தருவதில்லை. முன்பு கருச்சிதைவு நேர்ந்து, இப்போது ரத்தக்கசிவும் உள்ள பெண்களுக்குப் புரோஜெஸ்ட்ரோன் ஓரளவு பயன்படுவதாக 2019-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியதே தவிர, ஹெச்.சி.ஜி. மெல்ல ஏறுகிறது என்பதற்காக அதைக் கொடுப்பதற்கு அந்த ஆய்வு இடமளிக்கவில்லை.

எந்த விளக்கம் பொருந்தும் என்பதைச் சொல்ல வல்லது யோனிவழிச் செய்யப்படும் ஸ்கேன். ஐந்தாம் வாரத்தை ஒட்டிக் கருப்பையில் கர்ப்பப் பையும், ஐந்தரை வாரத்தில் அதனுள் கருவுக்குத் தொடக்க ஊட்டம் தரும் மஞ்சள்கருப் பையும், ஆறாம் வாரத்தை ஒட்டி இதயத்துடிப்பும் தென்படும். ஹெச்.சி.ஜி. 1,500 அல்லது 2,000 அலகைக் கடந்தும் பை தெரியவில்லையென்றால் கர்ப்பம் வெளியேதான் என்று முடிவுகட்டுவது முன்பு வழக்கமாக இருந்தது. நலமான கர்ப்பங்கள் சில இந்த அவசரத்துக்குப் பலியானதை அடுத்து, அந்த எல்லையைப் பயன்படுத்துவதானால் 3,500 வரை உயர்த்தி எச்சரிக்கையோடு பயன்படுத்துமாறு அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2018-இல் அறிவுறுத்தியது. அதுபோலவே, 2013-இல் வகுக்கப்பட்டு இன்று பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோலின்படி, கருவின் நீளம் 7 மில்லி மீட்டரை எட்டியும் இதயத்துடிப்பு இல்லாதபோதோ, பையின் சராசரி விட்டம் 25 மில்லி மீட்டரை எட்டியும் கரு தென்படாதபோதோதான் கர்ப்பம் நின்றுவிட்டது என்று ஒரே ஸ்கேனில் உறுதியாகச் சொல்லலாம். அதற்குக் குறைவான அளவுகளில் ஒருவாரமோ பத்து நாளோ பொறுத்து மறுஸ்கேன் செய்வதே முறை. 5 மில்லி மீட்டர் கருவுக்குத் துடிப்பு இல்லை என்று சொல்லி அன்று மாலையே சுத்தம் செய்துவிட அழைக்கும் இடத்தில், ரத்தப்போக்கு போன்ற வேறு அவசரம் இல்லாத பெண் அவகாசம் கேட்பது பிடிவாதமாகாது.

கருப்பைக்கு வெளியே தங்கும் கர்ப்பம் நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் நேர்கிறது. அவற்றில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் கருக்குழாயில் அமைபவை என்பதால் ‘டியூப் கர்ப்பம்’ என்று பேச்சுவழக்கில் அறியப்படுகின்றன. பென்சில் பருமன்கூட இல்லாத அந்தக் குழாய் விரிந்துகொடுக்க வழியின்றி ஒருநாள் கிழியும்போது, வயிற்றுக்குள் லிட்டர் கணக்கில் ரத்தம் கொட்டும். வெளியே கசிவது சில சொட்டுகளாகவே இருக்கலாம். முன்பு குழாய்க் கர்ப்பம் நேர்ந்தவர்கள், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தும் கருவுற்றவர்கள், காப்பர்-டி இருக்கும்போது கருவுற்றவர்கள், இடுப்புக்குழித் தொற்று இருந்தவர்கள், ஐ.வி.எஃப். செய்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல் என்றாலும், பாதிக்கப்படுவோரில் பாதிப்பேருக்கு இத்தகைய முன்காரணம் எதுவும் இருப்பதில்லை. இதன் ஹெச்.சி.ஜி. மெல்லவே ஏறும் என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழாய்க் கர்ப்பத்தில் அளவு நல்ல கர்ப்பத்தைப் போலவே ஏறுகிறது. வேறு சிலவற்றில் இறங்கிக்கொண்டே இருக்கிறது, இறங்கும்போதும் குழாய் கிழிவதுண்டு. எனவே கருப்பைக்குள் பை இருப்பது ஸ்கேனில் உறுதிப்படும் வரை, அல்லது ஹெச்.சி.ஜி. கர்ப்பமற்ற நிலைக்கு இறங்கும் வரை, கண்காணிப்பை முடித்துக்கொள்ளக் கூடாது.

மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடும் கருக்கலைப்பு மாத்திரை இங்கேதான் மிகப் பெரிய கேடாகிறது. அந்த மாத்திரைகள் கருப்பைக்குள் உள்ள கர்ப்பத்தில்தான் வேலை செய்யும், குழாயில் உள்ளதை அவை கலைப்பதில்லை. ஆனால் கருப்பையின் உட்படலத்தை உதிர்த்து ரத்தப்போக்கை உண்டாக்கிவிடும் என்பதால், ‘கலைந்துவிட்டது’ என்று நம்பி வேலைக்குத் திரும்பும் பெண்ணின் வயிற்றில் குழாய்க் கர்ப்பம் வளர்ந்துகொண்டே இருக்கும். மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்து அது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும், சட்டம் ஏற்கும் காரணங்கள் இருந்தால் 20 வாரம் வரை ஒரு பதிவுபெற்ற மருத்துவரின் கருத்தின் பேரில் கருக்கலைப்பு செய்ய இடம் தருகின்றன. 18 வயது நிரம்பிய பெண்ணுக்குத் தன் ஒப்புதல் ஒன்றே போதும், கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரியது. பாதுகாப்பான வழி சட்டப்படியே திறந்திருக்கையில் கவுன்ட்டரில் வாங்கும் மாத்திரையை நாடச் செய்வது அறியாமையைவிடக் கூச்சமே.

எதிர்ப்பக்கத்து ஆபத்து மெத்தோட்ரெக்சேட் ஊசி. செல்கள் பெருகுவதைத் தடுக்கும் இந்த மருந்து, உதிரப்போக்கும் கடும் வலியும் இல்லாத, சிறிய குழாய்க் கர்ப்பத்தை அறுவை இல்லாமலே கரைக்க உதவும் நல்ல மருந்துதான். ஆனால் கருப்பையிலோ வெளியிலோ எங்கும் எதுவும் தென்படாத நிலையில், அதாவது ‘இடம் அறியப்படாத கர்ப்பம்’ என்று மருத்துவர்கள் குறிப்பிடும் கட்டத்தில், மெல்ல ஏறும் ஒரே காரணத்தைக் கொண்டு இதைச் செலுத்தி, பிறகு கருப்பைக்குள்ளேயே உயிருள்ள கரு தென்பட்டால் அந்தக் கரு அழியவோ, கடும் உறுப்புக் குறைகளோடு வளரவோ கூடும். உடல்நிலை சீராக உள்ள பெண்ணுக்கு மீண்டும் ஒரு 48 மணி நேர அளவும் மறுஸ்கேனும் எடுத்த பிறகு முடிவுசெய்வதால் இழப்பது சிறிது. அவசரத்தால் இழப்பது பெரிது. உறுதிப்பட்டு ஊசி போட்ட பிறகு நான்காம் நாளும் ஏழாம் நாளும் அளவு பார்க்கப்படும். நான்காம் நாள் அளவு ஏறியிருந்தாலும் அது தோல்வி ஆகாது. நான்குக்கும் ஏழுக்கும் இடையே 15 விழுக்காடாவது குறைகிறதா என்பதே பார்க்கப்படும். கர்ப்பிணி என்பதால் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கும் ஃபோலிக் அமில மாத்திரை இந்த மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும் என்பதால் அதை நிறுத்த வேண்டும் என்பது பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை. அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் இடைவெளி விட வேண்டும் என்பதும், ரத்தவகை நெகட்டிவ் உள்ளவர் ஆன்டி-டி ஊசி தேவையா என்று கேட்க வேண்டும் என்பதும் இத்துடன் சேரும்.

இவ்வளவையும் கேட்டறிவதற்குச் சட்டத்தின் துணை உண்டு. 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், நோயறிவதற்காக மட்டும் மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும் தாயாரின் சம்மதத்தைப் பெற்று அகற்றிய வழக்கில், பரிசோதனைக்கான ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது என்றும், உயிரைக் காக்கும் அவசரம் இல்லாதபோது சுயநினைவு திரும்பும் வரை காத்திருக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. குழாய்க் கர்ப்பத்துக்கான துளைவழி அறுவைக்குப் படிவத்தில் கையெழுத்திடும் முன், குழாயை வெட்டியெடுப்பார்களா, கீறி கர்ப்பத்தை மட்டும் அகற்றுவார்களா என்று கேட்கும் உரிமை இதிலிருந்து பிறக்கிறது. நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறை. நேரம் குறித்த லேப் ரிப்போர்ட், ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகியவை கையில் இருந்தால்தான் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் பயன்தரும். கட்டணம் பெற்றுச் செய்த சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்திருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரை மாநில மருத்துவக் கவுன்சில் விசாரிக்கும். கர்ப்பம் நிற்காமல் போனதே கவனக்குறைவுக்குச் சான்று ஆகாது என்பதையும், வலியோடு வந்தவரை ஸ்கேன் இல்லாமல் திருப்பி அனுப்பியது போன்ற செயல்களே விசாரணையில் எடைபெறும் என்பதையும் வழக்குத் தொடுப்பவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

கருச்சிதைவுக்குப் பிறகு ஊதியத்துடன் ஆறு வார விடுப்பு உண்டு என்பது பெண் ஊழியர்கள் பலருக்கும், அவர்களுடைய நிறுவனங்களுக்கும்கூடத் தெரியாத செய்தி. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வழங்கிய இவ்வுரிமை 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது; இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்களுக்கும் இதே ஆறு வாரம்தான். ஆனால் கருப்பையில் உள்ளது வெளியேறுவதையே கருச்சிதைவு என்று சட்டம் வரையறுப்பதால், குழாய்க் கர்ப்பத்தில் அறுவை செய்துகொண்டவருக்கு இது பொருந்தாது என்று நிர்வாகம் வாதிட இடமிருக்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் கருக்குழாயை மறந்துவிட்டனர் போலும். கர்ப்பத்தால் விளைந்த நோய்க்கெனத் தனியே ஒரு மாத ஊதிய விடுப்பு அதே சட்டத்தில் இருப்பதால், மருத்துவச் சான்றிதழில் ‘கர்ப்பத்தால் விளைந்த உடல்நலக் குறைவு’ என்று தெளிவாக எழுதி வாங்குவது நல்லது.

கர்ப்பம் எங்கே இருக்கிறது என்பது உறுதிப்படாத நாள்களில், ஒருபக்க அடிவயிற்று வலி, தலைசுற்றல், மயக்கம், மலம் கழிக்கும்போது அழுத்தம், வயிற்றுக்குள் தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் தோள்பட்டை நுனியில் எழும் வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த பீட்டா ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, ரத்த வங்கியும் அறுவை வசதியும் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனையும் மருந்தும் ரத்தமும் 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி கட்டணமற்றவை. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்குச் சிகிச்சையளிப்பது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடின்றி அனைவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-ஆம் ஆண்டே தீர்ப்பளித்திருக்கிறது. முன்பணம் கட்டாததைக் காரணம் காட்டி அவசரச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனமும் கூறுகிறது.